செம்பு, முத்து, சாந்து

ஆம்பூர்
5.11.2023

பூர்ணிமாவுக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நீ இருக்கும் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. காட்பாடியில் நீ வேலை செய்யும் பள்ளிக்கூட விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

விஷயம் மீன்களைப் பற்றியது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. துணிமணி, சர்டிபிகேட், உன் அம்மாவின் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டாய். கண்ணாடித் தொட்டியையும் அதில் மூன்று தங்கமீன்களையும் மட்டும் எனக்கு விட்டுவிட்டாய். முதல் நாலு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் ஷிப்டுக்குப் புறப்படும்போதுதான் பார்த்தேன். மூன்றும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் வலப்பக்கம் நகர்ந்தால் அவையும் வலப்பக்கம் வந்தன. இடப்பக்கம் போனால் இடப்பக்கம். சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்றுவிட்டேன்.

நேற்று எங்கள் பிளாண்டில் என்னோடு வேலை செய்யும் முஜாஹித் வந்திருந்தான். அவன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றபோது மூன்றும் செடிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டன. நான் போனதும் வெளியே வந்தன. "இன்னாண்ணே, ஒன்ன அடையாளம் தெரியுதே அதுங்களுக்கு!" என்றான். மீனுக்கு ஆள் தெரியுமா? இதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது, ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி? எப்போது பார்த்தாலும் வாயைத் திறக்கின்றன. நானும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். தண்ணீர் லேசாக மஞ்சளாகி இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்?

பதில் சுருக்கமாக இருக்கட்டும். வேறு விஷயம் வேண்டாம்.

மதியழகன்


காட்பாடி
9.11.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

பியூன் கவரைக் கொண்டுவந்து கொடுத்ததும் கையெழுத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "பாடத்தைப் படிங்க" என்று சொல்லிவிட்டு வராண்டாவுக்குப் போய்விட்டேன். திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது.

மீன்களை நான் விட்டுவிட்டு வரவில்லை. தொட்டியை ஆட்டோவில் ஏற்ற வந்த, நீங்கள் வேண்டாம் என்றும் நான் கட்டிக்கொண்ட ஜெஸ்டனை வாசலிலேயே நிறுத்தி, "இந்த வூட்டுப் பொருள் ஒண்ணுத்தையும் தொடக் கூடாது" என்றது நீங்கள்தான். அவர் கையில் காலி வாளியோடு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வேறு விஷயம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் மீன் விஷயம்தான்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மீனுக்கு ஆள் தெரியும். நடை, உயரம், தீனி போடும் கை எல்லாம் தெரியும். உங்களை அவை தெரிந்துகொண்டிருந்தால் இனி உங்களை விடாது. ஆனால் அந்த வாயை நம்பாதீர்கள். மீனின் வயிறு அதன் கண் அளவுதான். காலையில் இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. மீந்ததெல்லாம் அழுகி விஷமாகும்.

வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முழுவதும் மாற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் போய்விடும். உங்களுக்கு இதையெல்லாம் சொல்லவேண்டுமா? தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுத்தண்ணியையே இருபத்தாறு வருஷமாகச் சுத்தம் செய்கிறவர் நீங்கள்.

அவற்றுக்குப் பெயர் உண்டு. செம்பு நிறத்தில் பெரிதாக இருப்பவள் செம்பு. வெள்ளை முத்து. நெற்றியில் பொட்டு மாதிரி கருப்பாக இருப்பவன் சாந்து. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு எழுதும்போதும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பூர்ணிமா


ஆம்பூர்
18.1.2024

பூர்ணிமாவுக்கு,

டிசம்பரில் நீ எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, மீன்கள் நன்றாக இருந்தன.

இப்போது நன்றாக இல்லை.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். தனியாளாக ஒட்டடை அடித்துச் சுவரைக் கழுவி முடித்ததும் தொட்டியும் கண்ணில் பட்டது. மீன்களை வாளியில் விட்டுவிட்டு, கூழாங்கல்லை எல்லாம் வெளியே எடுத்து பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி வெயிலில் காயவைத்தேன். ஃபில்டரில் இருந்த பஞ்சு சேறு பிடித்து நாற்றமாக இருந்தது. அதையும் குழாயடியில் வைத்து வெள்ளையாகும் வரை பிழிந்தேன். நீ சொன்னபடி ஒரு நாள் ஆறவைத்த புதுத் தண்ணீரை ஊற்றினேன். அன்றைக்குத் தொட்டி இருந்த பளபளப்பைப் பார்த்தவர்கள் கடையில் புதிதாக வாங்கினதா என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மூன்றும் மேலே வந்து வாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முத்துவின் துடுப்பில் ரத்தக் கோடுகள். மதியம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. என் கையைத் தண்ணீருக்குள் விட்டதும் அந்த நிலையிலும் தட்டுத்தடுமாறி விரலிடம் வந்தது.

போனை எடுத்தேன். உன் நம்பர் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன்.

நேற்று காலை முத்து போய்விட்டது. முருங்கை மரத்தடியில் புதைத்தேன். செம்பும் சாந்தும் இன்னும் மூச்சு வாங்குகின்றன. பாதித் தண்ணீரை மாற்றியிருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று எழுது.

மதியழகன்


காட்பாடி
22.1.2024

அப்பா,

பதினெட்டாம் தேதி எழுதினது இன்றைக்குக் கிடைத்தது. நாலு நாள். நான் இப்போது எழுதி அது உங்களுக்கு வந்து சேர இன்னும் மூன்று நாள். இதற்குள் மற்ற இரண்டும் இருக்குமா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

போனை எடுத்து நம்பர் வரைக்கும் போனீர்கள். ஒரு விரல், ஒரு அழுத்தல். "பஞ்சைக் கழுவினீங்களா?" என்று நான் ஒரே வார்த்தை கேட்டிருப்பேன். முத்து பிழைத்திருப்பாள். என்மேல் இருக்கும் கோபத்தில் அவளைச் சாகவிட்டீர்கள்.

அந்தப் பஞ்சில் இருந்தது அழுக்கு இல்லை. மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள். பஞ்சைக் கழுவியதிலும் கல்லுக்குப் பிளீச்சிங் போட்டதிலும் எல்லாமே செத்துப்போயின. தண்ணீர் பளபளவென்று இருக்கும், உள்ளே விஷம் ஏறிக்கொண்டே போகும். உங்கள் பிளாண்டில் "கல்ச்சர், கல்ச்சர்" என்று சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றி எதைக் காப்பாற்றுகிறீர்களோ அதே வகைதான். பஞ்சைப் பற்றி நான் எழுதவில்லை, அது என் தப்பு. உலகத்தில் வேறு யாருக்குச் சொல்லவேண்டி இருந்தாலும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். தீனி போடாதீர்கள். வேறு எழுத எனக்கு மனசு இல்லை.

பூர்ணிமா


ஆம்பூர்
4.2.2024

அன்புள்ள பூர்ணிமா,

செம்பும் சாந்தும் பிழைத்துவிட்டன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே எனக்கு உறைத்துவிட்டது. உனக்கு எழுதிப் போட்ட மறுநாள் காலை ஷிப்ட். பிளாண்டில் காற்று செலுத்தும் பெரிய தொட்டியின் மேல் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். கீழே வழக்கம்போல் பழுப்பு நுரை புரண்டுகொண்டிருந்தது. முஜாஹித் வந்து, "இன்னாண்ணே, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றான். மீன் செத்ததைச் சொன்னேன். பஞ்சை வெள்ளையாகப் பிழிந்ததைச் சொல்லிக்கொண்டு வரும்போதே என் வாய் நின்றுவிட்டது. ஒருமுறை எங்கள் தொட்டியில் கல்ச்சர் செத்தபோது நான் பதினொரு நாள் வீட்டுக்கு வரவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். அதே நான், என் வீட்டில், என் இரண்டு கையால் அலசிக் கொன்றிருக்கிறேன்.

அந்தச் சமயம் நாங்கள் என்ன செய்தோம்? இன்னொரு பிளாண்டிலிருந்து டேங்கர் லாரியில் உயிருள்ள சேறு கொண்டுவந்து ஊற்றினோம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். முஜாஹித் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. "உன் ஃபில்டர் பஞ்சுல பாதி வேணும்டா" என்றேன். "அழுக்குப் பஞ்சாண்ணே?" "அழுக்காத்தான் வேணும். கழுவிடாத." சாப்பாட்டு டப்பாவில் அவன் தொட்டித் தண்ணீரோடேயே போட்டுக் கொண்டுவந்தான். அதை உன் ஃபில்டரில் வைத்தேன். தினமும் ஒரு பாட்டில் தண்ணீரை எங்கள் லேபில் கொடுத்து அமோனியா பார்த்தேன். முதல் நாள் இருந்த அளவு ஆளை மிரட்டியது. நாலாம் நாள் பாதி. ஏழாம் நாள் கால். பன்னிரண்டாம் நாள் லேப் பெண் சீட்டைக் கையில் கொடுத்து, "ஒண்ணுமே இல்ல சார், சுத்தமா இல்ல" என்றாள்.

பூர்ணிமா, இருபத்தாறு வருஷமாக இந்த எண்களை நோட்டில் எழுதுகிறேன். அப்போதெல்லாம் அது எண். இந்தமுறை அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, சத்தமில்லாமல், என்னிடம் கூலி கேட்காமல், இரண்டு உயிரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. வீட்டுக்கு வந்து தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செம்பு அடியில் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

போன் விஷயம். கோபத்தில் வைக்கவில்லை. நீ எடுத்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. யோசித்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விட்டது. அந்த அரை மணி நேரம் முத்துவுடையது. தப்பு என்னுடையது.

அப்பா


ஆம்பூர்
3.3.2024

அன்புள்ள பூர்ணிமா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் இது அவசரம், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

சாந்துவின் இரண்டு செவுள் மூடிகளிலும் உப்பைத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. பக்கத் துடுப்பின் ஓரத்திலும் வரிசையாக இருக்கின்றன. மீன் கடைக்காரன் நோய் என்கிறான், உப்பும் நீல மருந்தும் போடச் சொல்கிறான். இரண்டு நாளாக சாந்து தீனியையும் மதிக்காமல் செம்புவைத் துரத்திக்கொண்டே இருக்கிறான். அவள் களைத்துப்போகிறாள். இந்தமுறை உன்னைக் கேட்காமல் நான் எதையும் தொடப்போவதில்லை.

உன் போன் நம்பரையும் அழுத்தினேன். நேற்று சாயங்காலம் இரண்டு முறை. நீ எடுக்கவில்லை.

அப்பா


காட்பாடி
5.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் அடித்தபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் முதல் வார்த்தை தெரியவில்லை.

மருந்து, உப்பு எதுவும் போடாதீர்கள். சாந்துவுக்கு நோய் இல்லை. ஆண் மீனுக்குப் பருவம் வந்தால் செவுளில் அந்தப் புள்ளிகள் வரும். செம்பு முட்டை போடப்போகிறாள். ஆறு வருஷம் வளர்த்தேன், எனக்கு ஒருமுறைகூட இது நடக்கவில்லை.

பச்சைக் கம்பளி நூலைக் கற்றையாகக் கட்டி, தக்கையில் தொங்கவிடுங்கள். முட்டைகள் அதில் ஒட்டும். ஒட்டினதும் கற்றையோடு எடுத்து வேறு டப்பில், அதே தொட்டித் தண்ணீரில், மெதுவாகக் காற்று விட்டு வையுங்கள். தாமதித்தால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். கோபத்தில் இல்லை, அவற்றுக்கு அது தீனி. அவ்வளவுதான்.

இன்னொன்று. ஜெஸ்டனுக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் பத்தாம் தேதி இரண்டு பேரும் புறப்படுகிறோம். மூன்று வருஷ ஒப்பந்தம்.

பூர்ணிமா


ஆம்பூர்
17.3.2024

அன்புள்ள பூர்ணிமா,

அயர்லாந்து பற்றி நீ எழுதின வரியை நிறைய தடவை படித்தேன். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன். இதை முதலில் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்வதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமை விடியும் நேரம் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். சாந்து செம்புவைக் கம்பளிக் கற்றைக்குள் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் வாலை அடித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கடுகைவிடச் சிறிய, தேன் நிறத் துளிகள் சிதறின. நூலில் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியவில்லை. தரையெல்லாம் தண்ணீர். நான் கற்றையை எடுத்து டப்பில் போட்டேன்.

மறுநாள் சில முட்டைகள் வெள்ளையாகிவிட்டன. அவற்றில் உயிர் இல்லை என்று தெரிந்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். மற்றவை கண்ணாடி போலவே இருந்தன. நம் தெரு மக்பூல் அகமது பாயிடம் தோல் தரம் பார்க்கும் மடக்கு லென்ஸ் இருக்கிறது இல்லையா, தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காட்டுமே, அதை வாங்கிவந்தேன்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முட்டையை அந்த லென்ஸில் பார்த்தேன். உள்ளே இரண்டு கருப்புப் புள்ளிகள். கண்கள். அந்தக் கண்களுக்குக் கீழே, தூசியைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று. அது துடித்துக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என்னுடையது ஒருமுறை அடிக்கும் நேரத்தில் அது இரண்டு முறை அடித்தது. இரண்டு நாளுக்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லை, பூர்ணிமா. ஒரு துளி. யாரும் அதற்கு அடிக்கச் சொல்லவில்லை.

நீ பிறந்தபோது நான் நைட் ஷிப்டில் இருந்தேன். காலையில் வந்தபோது துணியில் சுற்றித் தயாராகக் கொடுத்தார்கள். உன் அம்மா போனபோதும் நான் ஷிப்டில்தான் இருந்தேன். எந்த உயிரும் தொடங்குவதை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஐம்பத்தாறு வயதில் பார்த்தேன். ஷிப்டுக்கு நாற்பது நிமிஷம் லேட். பிளாண்டில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் முறை.

மக்பூல் பாய் லென்ஸைத் திருப்பி வாங்க வந்தார். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "சுபானல்லா" என்றார். பிறகு லென்ஸை என் கையிலேயே வைத்துவிட்டு, "நீயே வெச்சுக்க மதி, எங்கிட்ட தோலுதான் கீது பாக்கறதுக்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பொரிந்துவிட்டன. டப்பின் சுவரெங்கும் கண்ணிமை மயிர்கள் போல ஒட்டிக்கொண்டிருந்தன. இன்றைக்கு எல்லாம் ஒரே நேரத்தில் சுவரை விட்டு நீந்தத் தொடங்கிவிட்டன. நூற்று நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. என்ன கொடுப்பது? உடனே எழுது.

அப்பா


காட்பாடி
20.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் பட்டாணி அளவு எடுத்து, துணியில் கட்டித் தண்ணீரில் பிழியுங்கள். பாலாக மிதக்கும், அதைத் தின்னும். நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு. அடியில் தங்குவதைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். எல்லாம் பிழைக்காது. அதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். என்னைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டு. "தூசியைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று" என்ற இடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அசையாமல் இருந்தார்கள். கருவளர்ச்சிப் பாடத்தை நாலு வருஷமாக நடத்துகிறேன். அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது அப்பா. அந்த ஜன்னலில், அந்த லென்ஸோடு நான் இருந்திருக்கவேண்டும்.

குஞ்சுகளைப் பார்க்க வரவேண்டும். அதைக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் தனியாக வரமாட்டேன். வந்தால் இரண்டு பேராகத்தான் வருவோம். அவரை மறுபடியும் வாசலில் வாளியோடு நிற்கவைத்து நான் பார்க்க முடியாது. முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். மீன்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

வருவதானால் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன். லென்ஸில் தெரியாததெல்லாம் அதில் தெரியும்.

பூர்ணிமா


ஆம்பூர்
27.4.2024

அன்புள்ள பூர்ணிமா,

ஐந்து வாரம் பதில் போடாமல் இருந்தேன். எழுதிக் கிழித்தது நாலு.

குஞ்சுகள் தொண்ணூற்றொன்று இருக்கின்றன. விரல் நகம் அளவு. எல்லாமே சேற்று நிறத்தில் இருக்கின்றன, ஒன்றுகூடத் தங்கமாக இல்லை. தெருவில் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் குறை தெரியவில்லை.

மே ஐந்தாம் தேதி ஞாயிறு, எனக்கு லீவு. பகல் சாப்பாடு இங்கேதான். மூன்று பேருக்குப் பிரியாணி முஜாஹித்திடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் காரம் சாப்பிடுவானா?

மைக்ராஸ்கோப்பை மறக்காதே. பிளாண்டிலிருந்து ஒரு பாட்டில் தொட்டிச் சேறு கொண்டுவந்து வைக்கிறேன்.

அப்பா


காட்பாடி
7.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் கேட்கமுடியாமல் வந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்து "வாங்க" என்றீர்கள். இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். செம்பு என்னை மறக்கவில்லை, ஜெஸ்டனின் விரலைக்கூட வந்து கடித்தாள். நீங்கள் சிரித்தீர்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

பிறகு உங்கள் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப் கண்ணாடியில் வைத்தேன். ஜெஸ்டன் திருகை மெல்லத் திருப்பி, "மாமா, இப்ப பாருங்க" என்றார். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டீர்கள். நாங்கள் பஸ்ஸுக்குப் புறப்படும்வரை சரியாக முகம் கொடுக்கவில்லை.

"மாமான்னு கூப்ட்டது தப்பாய்டுச்சா பூர்ணி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் ஜெஸ்டன். அதுதான் காரணமா, அப்பா?

பூர்ணிமா


ஆம்பூர்
12.5.2024

அன்புள்ள பூர்ணிமாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

மாப்பிள்ளையிடம் முதலில் சொல்லிவிடு. மாமா என்று அவர் கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை. அந்த நேரம் வீடு இடிந்து விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது. இப்போது எழுத்தில் படித்தேன். இன்னொருமுறை கூப்பிடச் சொல்.

நான் பார்த்தது இதுதான். பழுப்பாக ஒரு திட்டு. அதன் ஓரத்தில் காம்பு வைத்த மணிகள், கொத்தாக. வாயைத் திறந்து தண்ணீரைச் சுழற்றிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு மணியை இழுத்துக்கொண்டது. பிறகு பயம் தெளிந்தது போல மெல்ல நீண்டது. அதைத் தாண்டி, கண்ணாடி உடம்போடு ஒன்று எதையோ அவசரமாகத் தேடிக்கொண்டு போனது. அதன் வயிற்றுக்குள் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தது. அது ஒரு சொட்டு. எங்கள் தொட்டி நாற்பது அடி நீளம்.

இருபத்தாறு வருஷம் அதன்மேல்தான் நடந்திருக்கிறேன். சேறு என்று சொல்லியிருக்கிறேன், கசடு என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். நாற்றம் தாங்காமல் திட்டியிருக்கிறேன். ஊர் பதம் பண்ணுகிற தோலின் அழுக்கை எல்லாம் அவை ராப்பகலாகத் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு முகம் இருக்கும் என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. உங்கள் இருவர் முன்னாலும் அழுதுவிடுவேனோ என்று பயந்துதான் பின்பக்கம் போனேன். முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் திரும்பி வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் மறுபடி ஆரம்பித்துவிடும் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோபமாகத் தெரிந்திருக்கிறது.

அவரைப் பற்றி நான் போன வருஷம் பேசினதெல்லாம், பார்க்காமல் பேசினது. ஒரு நுண்ணுயிரைக்கூட இருபத்தாறு வருஷம் பார்க்காமல் பேசினவன் நான். மன்னிக்கச் சொல்.

ஜூன் பத்தாம் தேதி சென்னை ஏர்போர்ட்டுக்கு நானும் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். குஞ்சுகளில் நாற்பதை உன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன், தொட்டியைத் தயார் செய்யச் சொல். பஞ்சு இங்கிருந்து கொண்டுவருவேன், அழுக்காகவே.

நீங்கள் வந்துபோன மறுநாள், திங்கள்கிழமை, காலை ஷிப்ட். நடைபாதையில் ஏறப் படிக்கட்டில் கால் வைத்தவன், செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டேன். திட்டமிட்டுச் செய்யவில்லை. கால் தானாகச் செய்தது. மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று குமிழிட்டு வந்துகொண்டிருந்தது. நுரையின்மேல் வெயில் விழத் தொடங்கியிருந்தது.

முஜாஹித் கீழேயிருந்து கத்தினான்: "இன்னாண்ணே, செருப்ப வுட்டுட்டு நிக்கற? கோயிலா இது?"

"மேல வாடா," என்றேன்.

வந்தான். நான் பார்த்ததை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். காம்பு, மணி, சுருண்டது, நீண்டது. முடித்ததும் அவன் கீழே எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான். சிரித்துவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

பூட்ஸைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றான்.

அப்பா